எட்டுப் படம்

பறக்கிற சாமானைக் கொடுத்துவிட்டுச் செங்கல் வாங்கிக்கொண்டு வந்தவன் என்று மணவாளனைப் பற்றி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரே பேச்சு. பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. பெரம்பூரில் பெஞ்சமின் என்று ஒருவர், பழைய கேமரா வாங்கி விற்கிறவர். அவரிடம் தன் ட்ரோனைக் கொடுத்துவிட்டு, மாற்றாக ஒரு ஜப்பான் ஃபிலிம் கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான் மணவாளன். கல்யாண மண்டபத்து முற்றத்தில் வட்டமடித்து, பந்தியில் அப்பளம் நொறுக்குகிறவர்களையெல்லாம் அண்ணாந்து பார்க்க வைத்த ட்ரோன் அது. அதைக் கொடுத்துவிட்டு, பேட்டரிகூட இல்லாத, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய, ஒரு சுருளுக்கு எட்டே எட்டுப் படம் எடுக்கிற ஒன்றை எவனாவது வாங்குவானா? இவன் வாங்கினான். நாற்பதை நெருங்குகிற மனுஷனுக்குத் திடீரென்று ஒரு பொருள்மேல் ஆசை வந்துவிட்டால் அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை.

மகள் பேரில் 'அம்முலு ஸ்டூடியோ' வைத்திருந்தான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதாருக்கு லேமினேஷன், மஞ்சள் நீராட்டு பேனர், எப்போதாவது ஒரு கல்யாணம். மத்தியான நேரத்தில் ஆள் வராதபோது செல்போனில் வீடியோ பார்ப்பான். அப்படித்தான் எவனோ ஒருவன் உள்ளங்கை அகல நெகடிவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியதைப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி சோற்றில் கை வைத்தபடி அவன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, மோகனா, "மொதல்ல கொயம்ப ஊத்திக்கோங்க" என்றாள்.

பெரம்பூரில் பெஞ்சமின் கேமராவைக் கையில் கொடுத்துவிட்டு உடனே விடவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ரேஞ்ச்ஃபைண்டர் இதுக்கு முன்னாடி புடிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப கேட்டுக்க. உன் டிஜிட்டல்ல லென்ஸ் இன்னா பாக்குதோ அத்தத்தான் நீயும் பாப்ப. இதுல அப்படி கெடையாது. லென்ஸுக்கு ஒரு வழி, உனக்கு ஒரு வழி. நீ இந்த மேல் ஜன்னல்ல பாக்கற. நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"அதுல நான் ரெண்டு பேரா தெரிவனே?"

"ஆமா சார். ஒருத்தரு கொஞ்சம் தள்ளி நிக்கறீங்க."

"வளையத்தத் திருப்பு. ரெண்டு பேரும் ஒண்ணாவற வரிக்கும் திருப்பு. ஆயிட்டனா? அவ்ளோதான் ஃபோகஸ். ஆனா ஒண்ணு. லென்ஸ் மூடியக் கயட்டாமலே எடுத்தாலும் ஜன்னல்ல உனக்கு எல்லாம் பளிச்சினுதான் தெரியும். ரோல் ரோலா மூடியோட எடுத்துக்கினு வந்து இங்க குந்திக்கினு அழுதவன்லாம் கீறான். ஊருக்குப் போயி நீ அப்படி வந்து நிக்கக் கூடாது."

மணவாளன் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மூடியைக் கழற்று, சட்டைப் பையில் போடு, பையைத் தட்டிப் பார், பிறகு எடு. ஏரிக்கரையில் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தான். ஸ்டூடியோ பாத்ரூமில் தானே கழுவித் தொங்கவிட்டான். மதகுக் கல்லில் இருக்கிற உளிக்கொத்து ஒவ்வொன்றும் தெரிந்தது, கரையில் மேய்ந்த எருமையின் கண்ணிமை மயிர் தெரிந்தது. டீக்கடைக்காரரிலிருந்து கிளம்பாமல் நின்ற பஸ்ஸின் டிரைவர்வரை கூப்பிட்டுக் காட்டினான். நல்லாத்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கேமராவுக்கு முதல் வேலை அம்முலுவின் காது குத்து என்று முடிவானது. அங்கேதான் சிக்கல்.

மோகனாவின் அப்பா முத்துகிருஷ்ணன் திருப்புலிவனத்தில் நெல் பயிரிடுகிறவர். அவருக்கு மூத்தவன் வரதன், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஏரிப் பாய்ச்சலில் தனக்குப் பிரித்துக் கொடுத்த நிலத்தை அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனை போடுகிறவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். இன்றைக்கும் அங்கே வீடு ஒன்றும் வரவில்லை, மஞ்சள் அடித்த கல்தான் வரிசையாக நிற்கிறது. முத்துகிருஷ்ணன் தன் நிலத்துக்குப் போக அந்தக் கல்லையெல்லாம் தாண்டித்தான் தினமும் போகவேண்டும். அன்று முதல் அவர் மகனோடு பேசவில்லை, மகனைப் பற்றியும் பேசவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாரோ கேட்டதற்கு, ஒரு பொண்ணு என்று சொன்னாராம். அது வரதன் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த மாதிரி வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்கள் பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்.

ஆனால் காது குத்த வேண்டுமென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மோகனா நேராகத் திருப்புலிவனம் போய் அப்பா முன்னால் நின்றாள்.

"மடிக்கு நான் எங்க போவேன் நைனா? உன் மருமவன் ட்ரோன மாத்தினாப்ல அண்ணனையும் எங்கனா குடுத்துட்டு வேற ஒண்ணு மாத்திக்கினு வரட்டா?"

முத்துகிருஷ்ணன் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார். "உன் புள்ள, உன் இஸ்டம்" என்றார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மாசி மாதம். அறுவடை மிஷின்கள் வந்து இறங்கி, ஊரே வைக்கோல் தூசியாக இருந்த நேரம். காது குத்து அன்று காலையில் வீட்டில் ஒரே அமளி. மோகனா பொட்டு வைக்காத சாமான் அந்த வீட்டில் கிடையாது. மிக்ஸியோ கிரைண்டரோ பைக்கோ, சாமிமுன் வைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்த பிறகுதான் முதல் வேலை வாங்குவாள். மணவாளன் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கேமரா சாமி படத்துக்குக் கீழே, மாவிளக்குக்குப் பக்கத்தில், தலையில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னா மோகனா இது! ஜன்னல் பக்கமெல்லாம் சந்தனம்?"

"மொத வேலைக்குப் போவுது. சாமிகிட்ட வெக்காம எப்டி தூக்கினு போறது?"

மேலே இருந்த பொட்டை ஈரத்துண்டால் துடைத்து, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். மோகனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

திருப்புலிவனம் ஏரிக்கரைப் பொன்னியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, அம்முலுவுக்கு முடி இறக்கி, வரதன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அவள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழுந்து போயின. ஆளாளுக்குச் செல்போனில் எடுத்தார்கள். அந்தப் படங்களிலெல்லாம் வரதன் இருக்கிறான், மடியில் வாயைப் பிளந்தபடி அம்முலு இருக்கிறாள். முத்துகிருஷ்ணன் தூரத்தில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி இருக்கிறார். பொங்கி வழிந்து முடிந்த பானைக்கு எதற்கு விறகு என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு மணவாளன் எல்லோரையும் ஒரு படத்துக்குக் கூப்பிட்டான். கைக்குழந்தை முதல் காது குத்த வந்த ஆசாரிவரை சட்டகத்துக்குள் வந்துவிட்டதால் செல்போன் பிடிக்க வெளியே ஆளே இல்லை. நடுவில் நாற்காலி போட்டு, வரதன் மடியில் அம்முலு. பக்கத்தில் மோகனா. வலது கோடியில் முத்துகிருஷ்ணனின் தங்கை சொக்கம்மாள்.

"மாமா, நீங்களும் வாங்க. மச்சானுக்குப் பின்னால நில்லுங்க. அங்கதான் உசரம் சரியா வரும்."

முத்துகிருஷ்ணன் கையில் இருந்த விறகைப் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் அவர் அண்ணனும் மற்றப் பங்காளிகளும்.

"யாரும் அசையாதீங்க. திரும்பாதீங்க. இங்கயே பாருங்க."

மூடியைக் கழற்றிப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்தான். ஜன்னலில் கண்ணை வைத்தான். மஞ்சள் கட்டத்தில் அம்முலுவின் புதுத் தோடு இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பி அதை ஒன்றாக்குவதிலேயே அவன் புத்தி முழுவதும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நிதானமாகச் சுற்றி, நிதானமாக எடுத்தான். அவனுக்கு ஆச்சரியமான விஷயம், ஒருவர்கூடக் கண்ணை அந்தண்டை இந்தண்டை திருப்பவில்லை. கல்யாணத்தில் பத்துப் பேரைப் பார்க்க வைக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். இங்கே கைக்குழந்தைகூட லென்ஸையே குறி வைத்துப் பார்த்தது. ஃபிலிம் என்றால் மரியாதை தானாக வருகிறது என்று மணவாளன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

எட்டாவது படம் முடிந்ததும் முத்துகிருஷ்ணன் யாரிடமும் பேசாமல் வயல் பக்கம் போய்விட்டார். சாப்பிடக்கூட வரவில்லை.

ஃபிலிம் கழுவுகிற மருந்து முதல் சுருளோடு தீர்ந்துபோயிருந்தது; புதிதாக வந்து சேர அந்த வாரம் முழுக்க ஆயிற்று. மருந்து வந்த அன்று காலை, மோகனா நாஷ்டா வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா நேத்து போன் பண்ணுச்சி. அந்த போட்டோ எப்ப வரும், எப்ப வரும்னு ஒரே பேஜார்."

"இன்னிக்கி கயுவிடுவேன். நாளைக்கி குடுத்துடலாம்."

"அதுக்கு இல்ல. போட்டோ எடுக்கச்சொல்ல யாரோ தோள்மேல கைய வெச்சாங்களாம். நல்லா அழுத்தமா. எட்டும் எடுத்து முடிக்கற வரிக்கும் எடுக்கலயாம். நீங்க திரும்பாதீங்கன்னு சொன்னீங்கல்ல, அது திரும்பல. முடிஞ்சி திரும்பிப் பாக்கச்சொல்ல நைனா வயலாண்ட போய்க்கினு கீறாரு."

"மாமாவா?"

"தெரியலியே. ரெண்டு பக்கமும் ஆளுங்க கீறாங்க. பெரிப்பா கையாகூட இருக்கலாம். அதான் அண்ணா, போட்டோல பாத்தா தெரிஞ்சிடும், எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும் மோகனான்னுச்சி. சொல்றப்பவே அதுக்குக் கொரல் ஒடைஞ்சி பூடுச்சி."

"மாமாவையே கேட்டுடறது."

"கேட்டா? நானான்னு கேப்பாரு. இல்லவே இல்லன்னு சொல்லிட்டாருன்னா அப்பால அண்ணா அந்தூர் பக்கமே வராது. ஞாயித்துக்கெயமை நைனா வூட்டுக்கு வா, அங்கயே வெச்சித் தரேன்னு சொல்லிட்டேன். நைனாவும் போட்டோ மாட்ட ஆணி அடிச்சி வெச்சிக்கீறாரு, தெரியுமா? கூடத்துல, காலண்டரக் கயட்டிட்டு."

மணவாளனுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அந்தக் கையைத் தன் செங்கல்தான் சொல்லப்போகிறது என்று நினைத்தபோது ட்ரோன் போனதெல்லாம் ஒரு நஷ்டமாகவே தெரியவில்லை.

ஸ்டூடியோவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, கறுப்புப் பைக்குள் கையை விட்டுச் சுருளை டப்பாவுக்கு மாற்றினான். மருந்தை ஊற்றி ஆட்டினான், கொட்டினான், அடுத்ததை ஊற்றினான். கடைசியில் தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து, சுருளைப் பிரித்து பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

நடுவில் ஒன்றுமே இல்லை.

எட்டுப் படத்திலும் ஓரம் இருந்தது. நடு இல்லை. இடது கோடியில் ஆசாரி இருந்தார், அவர் கைப்பை இருந்தது. வலது கோடியில் சொக்கம்மாள், மூக்குத்திக் கல்லோடு அவ்வளவு தெளிவாக இருந்தாள். உள்ளே வர வர ஆட்கள் மங்கிக்கொண்டே போய், வரதனும் அம்முலுவும் மோகனாவும் முத்துகிருஷ்ணனும் இருக்க வேண்டிய இடம் வெறும் பிளாஸ்டிக் தாளாக, பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பி தெரிகிற மாதிரி இருந்தது. பிரிண்டு போட்டால் அந்த இடம் கரியாக வரும். மணவாளன் பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். திரும்ப ஒரு முறை பார்த்தான். முதல் படம் பார்த்தான், கடைசிப் படம் பார்த்தான். எட்டும் ஒரே மாதிரி. எவனோ நடுவில் மட்டும் பார்த்துத் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. பெஞ்சமினுக்குப் போன் போட்டான்.

"சார், ஏமாத்திட்டீங்களே சார்! ஓட்டக் கேமராவக் குடுத்து ஏமாத்திட்டீங்களே!"

"யாரு, உத்திரமேரூரா? இன்னாப்பா ஆச்சி? மூடியக் கயட்டலியா?"

"கயட்டினேன் சார்! என் புள்ளமேல சத்தியமா கயட்டினேன். பையில போட்டுத் தட்டிக்கூடப் பாத்தேன். ஓரம் வந்துகீது, நடுவு வரல. நடுவுல ஆளே இல்ல சார். என் மாமனாரு இல்ல, மச்சான் இல்ல..."

"மெல்ல சொல்லு. மொத ரோலு நல்லா வந்துச்சினு போன்ல சொன்னியே?"

"அது நல்லா வந்துச்சி."

"நடுவு மட்டும் எட்டுலயும் காணோம். வெய்யில்ல எடுத்தியா? அப்ப வெளிச்சம் உள்ள வர ஓட்டையச் சின்னதா வெச்சிருப்ப. லென்ஸுக்கு முன்னாடி நடுசென்டர்ல எதுனா நின்னுதுன்னா அப்டித்தான் வரும். ஓரத்து ஆளுங்க வெளிச்சம் சாய்வா வரும், அது தப்பிச்சி உள்ள பூடும். நடுவுல நேரா வரது தட்டிப் பூடும். மூடியக் கயட்டிட்டுக் கேமராவ உன் மூஞ்சிக்கு நேரா திருப்பிப் பாரு."

மணவாளன் அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தான். யோசித்துப் பார்த்தால், ஏரிக்கரைக்குப் பிறகு அவன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. வளையத்து எண்ணெல்லாம் மேலிருந்தே தெரியும். கண்ணை வைக்கிற ஜன்னல் பின்னால் இருக்கிறது. மூடியைக் கழற்றுவதும் போடுவதும் பின்னாலிருந்தே கையை விட்டுத்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூடியைக் கழற்றி, திருப்பினான்.

கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு பொட்டு. வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து, ஓரம் வெடித்து, அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, எதுனா கீதா?" என்றார் பெஞ்சமின். இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மோகனா சாப்பாட்டுக் கேரியரோடு அம்முலுவையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, வழியில் பார்த்த சொக்கம்மாளும் கூடவே வந்திருந்தாள். போட்டோவைத் தானும் பார்க்க வேண்டுமாம். கதவைத் திறந்தவன் முகத்தைப் பார்த்ததும் மோகனா கேரியரைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க ஆச்சி?"

மணவாளன் கேமராவை அவள் முன்னால் நீட்டினான். "இத்த யாரு வெச்சது?"

"நான்தான். ஏன்?"

"ஏனா? கண்ணாடிமேல எவளாவது சந்தனத்த அப்புவாளா? நீ மனுசிதானா?"

"பின்ன எங்க வெப்பாங்க? மூடிமேலயா வெப்பாங்க? மூடி கயண்டு பையில போற சாமான். அதுக்குக் கண்ணு இதுதானே? அதான் மூடியக் கயட்டி வெச்சிட்டு, தூசு படக் கூடாதுன்னு நீங்க சொன்னதால திரும்ப மூடினேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "மேல கீறத நீங்க தொடைச்சீங்க. கண்ணுல கீறதத் தொடைக்கல. சரி, அது ஒண்ணாவது இருக்கட்டும்னு வுட்டுட்டாருன்னு நெனச்சேன். அவ்ளோதாங்க."

மணவாளன் நெகடிவை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தான். அவளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நைனா எங்க?"

"இல்ல."

"அண்ணா?"

"இல்ல மோகனா. நடுவுல யாருமே இல்ல."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் தேவலை. வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு, அந்த வெறும் இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

சொக்கம்மாள் நெகடிவை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். "தோ நான் கீறனே!"

மணவாளனுக்குப் பொறுக்கவில்லை. "அத்த, நீங்க அன்னிக்கி நேரா கேமராவத்தான பாத்துக்கினு இருந்தீங்க? லென்ஸ்மேல பொட்டு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"இன்னா மாப்ள கேக்கறீங்க? டிராக்டருக்கு வெக்கல? அறுப்பு மிஷினுக்கு வெக்கல? புதுக் கேமராவுக்குப் பொட்டு வெச்சி எடுக்கறாரு, நல்ல மனுசன்னு அப்பால நானே ஆசாரிகிட்ட சொன்னேன். அவரும், ஆமாமா, பெரிய கேமரா, மொறையா செய்யறாருன்னாரு."

"ஆசாரியும் பாத்தாரா?"

"எல்லாருந்தான் பாத்தோம். இங்கயே பாருங்கன்னு நீங்கதான சொன்னீங்க? எந்த எடத்தப் பாக்கறதுன்னு தெரியல, பொட்டு கீற எடத்தப் பாத்தோம்."

"அது அயகா இருந்துச்சிப்பா" என்றாள் அம்முலு. "நான் கண்ணே கொட்டல."

மணவாளன் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தனை பேரும் அவனுக்கு எதிரே நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த மரியாதை ஃபிலிமுக்கு இல்லை. ஊரில் தெரியாதவன் ஒருவன்தான், கேமராவுக்குப் பின்னால் நின்றவன்.

"இன்னொரு தபா நிக்கவெச்சி எடுத்துடலாம்" என்றான் கடைசியில். அவனுக்கே அது சொத்தையாகப் பட்டது.

"நைனா திரும்ப நிப்பாரா?" என்றாள் மோகனா. "நின்னாலும், அன்னிக்கி வெச்ச கை யாருதுன்னு அது சொல்லுமா?"

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட மணவாளன் நினைத்தான். வரதன் கிளம்பிவிட்டான் என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. நெகடிவைக் காகித உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்று பேரும் பைக்கில் திருப்புலிவனம் போனார்கள்.

காலத்தில் வராத மழை, வரக்கூடாத நேரத்தில் வானத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. ஊருக்குள் நுழையும்போதே தெரிகிற நெல் வாங்கும் நிலையத்துக் களத்தில் முத்துகிருஷ்ணனின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள். இவர்கள் போய் இறங்கும்போது அவர் ஒற்றை ஆளாகப் பலகையால் நெல்லை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையில் வந்து நின்ற வரதன், ஹெல்மெட்டைப் பைக்கில் மாட்டிவிட்டு, செருப்பை உதறிக் களத்தில் இறங்கி இன்னொரு பலகையை எடுத்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மோகனா துடைப்பத்தால் ஓரத்து நெல்லைக் கூட்டினாள். மணவாளன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தான். முத்துகிருஷ்ணன் ஒரு முனையைப் பிடித்தார், எதிர் முனையை வரதன் பிடித்தான். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. நான்கு பக்கமும் கல் வைத்து முடிப்பதற்குள் பெரிய பெரிய தூறலாக விழ ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் களத்து ஓரத்துத் தகரக் கொட்டகைக்குள் ஓடி நின்றார்கள்.

முத்துகிருஷ்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, மழையைப் பார்த்தபடி கேட்டார். "போட்டோ எடுத்தாந்தீங்களா மாப்ள?"

வரதன் திரும்பி மணவாளனைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க மணவாளனால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான். "போட்டோ வரல மாமா. நடுவுல எல்லாம் கரியா பூடிச்சி. நீங்க இல்ல, மச்சான் இல்ல. எட்டுலயும் இல்ல."

"நான்தான் நைனா. கண்ணாடிமேல பொட்டு வெச்சிட்டேன்" என்றாள் மோகனா. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்துவிட்டது.

"பொட்டுதான? நானுந்தான் பாத்தேன்" என்றார் முத்துகிருஷ்ணன்.

வரதன் உறையை வாங்கி, நெகடிவை மழை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு உறையில் போட்டு மணவாளனிடமே கொடுத்துவிட்டு, மழையிலேயே இறங்கிப் போய் ஹெல்மெட்டை எடுத்தான்.

"அண்ணா, மய பெய்யுது!" என்று மோகனா கத்தினாள்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பிக் கொட்டகைக்கு வந்தான். நேராக அப்பா முன்னால் வந்து நின்றான்.

"நைனா. அன்னிக்கி என் தோள்ல கைய வெச்சது யாரு?"

தகரத்தில் மழைச் சத்தம் கொட்டியது. இல்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்றுதான் மோகனாவுக்கும் மணவாளனுக்கும் தோன்றியது.

"எந்தத் தோளு?" என்றார் முத்துகிருஷ்ணன், தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு.

"சோத்தாங்கை பக்கம்."

"கால் மரத்துப் பூடிச்சி. வெய்யில்ல எம்மா நேரம் நிக்க வெச்சாரு மாப்ள. உயுந்துடப் போறமேன்னு புடிச்சிக்கினேன்."

வரதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கடைசி வரிக்கும் எடுக்கலியே நைனா."

"மரத்த காலு ஒடனே சரியாவுமா?"

முத்துகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாப்ள, அந்தச் செங்கல்ல எடுத்துக்கினு இன்னொரு நாளைக்கி வாங்க. ஆணி அடிச்சது அடிச்சதுதான். எனக்கு இப்பல்லாம் காலு அடிக்கடி மரத்துப் போவுது."

வரதன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, நனைந்த சட்டையாலேயே துடைத்து, அப்பா பக்கத்தில் போட்டான். "அப்ப குந்து நைனா. நிக்காத."

"நீ குந்துடா" என்றார் முத்துகிருஷ்ணன். "நான் பின்னால நிக்கறேன்."